மகிழ்ச்சியைத் தேர்ந்துகொண்ட வாழ்வு: ஹாலேயிலிருந்து தரங்கம்பாடி வரை



இடர் சூழ்ந்த காலத்தில் மகிழ்ந்திருத்தல் இயலுமா? கிறித்தவ நம்பிக்கை இவ்வினாவிற்குத் தரும் விடையை, செருமனியின் ஹாலே நகரையும் தமிழகத்தின் தரங்கம்பாடியையும் இணைத்த ஒருவரின் வாழ்வில் காணலாம்.

முதலில் ஹாலேயைக் காண்போம். 1695 ஆம் ஆண்டு அந்நகரை அடுத்த கிளௌகாவில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே போதகராக இருந்தார். ஏழைகளுக்காக அவர் வைத்திருந்த உண்டியலில் ஒருநாள் 4 தாலரும் 16 குரோசனும் கிடைத்தன. வறுமை மிகுந்த அவ்வூருக்கு அது போதாத தொகை. பிராங்கேயோ அதை நல்ல முதலெனக் கண்டு மகிழ்ந்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698 சூலை 13 அன்று அநாதை இல்லத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இல்லாததை எண்ணிச் சோராமல் இருப்பதைக் கொண்டு தொடங்குவதே அவர் கண்ட மகிழ்ச்சி.

அவரிடம் பயில 1703 இல் ஹாலே வந்தவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. இளமையிலேயே பெற்றோரை இழந்தவர் அவர். உடல்நலம் குன்றியதால் படிப்பை இடையில் நிறுத்தினார். மனச்சோர்வும் அவரை வாட்டியது. ஆகவே அவருடைய மகிழ்ச்சி பிறவிக் குணமன்று என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

1706 சூலை 9 அன்று அவர் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். தேனிய அதிகாரிகள் அவரை விரும்பி வரவேற்கவில்லை. அவரோ திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். மறுமாதமே அவர் டேன்ஸ்பர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். ஓர் ஏழைக் கைம்பெண்ணுக்காக அவர் பரிந்து பேசியது அதற்கு ஒரு காரணம். ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையில் கழிந்தன. அங்கும் அவர் நூல்கள் எழுதினார். விடுதலையான பின், விட்ட பணியைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை நிறைவுசெய்தார். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713 இல் கடல் கடந்து வந்தன. 1715 இல் அந்நூல் முழுமையாக அச்சேறியது.

பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய மடலும் சிறையில் எழுந்ததே. மகிழ்ச்சி என்னும் சொல் அதில் மீண்டும் மீண்டும் வருகிறது. விலங்கு கழன்ற பிறகு மகிழலாம் எனப் பவுல் காத்திருக்கவில்லை, சீகன்பால்கும் காத்திருக்கவில்லை.

அவருடைய இறுதி ஆண்டுகளில் கோபன்ஹேகனில் இருந்த மிசன் நிருவாகமே அவர் பணியைக் கடிந்துகொண்டது. அது அவரை மிகவும் புண்படுத்தியது. 1719 பெப்ரவரி 23 அன்று, 36 ஆம் வயதில் அவர் மறைந்தார். இறுதி வேளையில் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் கூறும் பாடலொன்றைப் பாடும்படி உடனிருந்தோரை அவர் கேட்டுக்கொண்டதாக வரலாறு கூறுகிறது.

உறவுகளே, போரினாலும் பிரிவினாலும் மண்ணை இழந்தோர் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் துயரத்தை மறந்து சிரியுங்கள் என்று கூறுவது அறமாகாது. சீகன்பால்கின் வாழ்வும் அவ்வாறு கூறவில்லை. அவர் துயருற்றார், ஆயினும் இறைவன் தம்மைக் கைவிடவில்லை என்னும் நம்பிக்கையில் அடுத்த நாளின் பணியைக் கையிலெடுத்தார். கிறித்தவம் கூறும் மகிழ்ச்சி இதுவே. நாள்தோறும் புதிதாகத் தேர்ந்துகொள்ள வேண்டிய ஒன்று அது.

ஹாலேயில் பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பேணப்படுகின்றன. வாய்ப்புள்ளோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.