மாப்பொருளும் ஆறாப் புண்ணும்



சோற்றுக் கஞ்சியில் அயடீன் விட்டால் நீலநிறமாவதைப் பாடசாலையிற் கண்டுள்ளோம். வெறும் மாப்பொருள் கிருமிகளுக்கு உணவே. ஆனால் அதன் சங்கிலிகளை இரசாயன முறையாற் குறுக்கே பிணைத்துச் சிறுமணிகளாக்கி, 0.9 சதவீத அயடீனை உள்ளடக்கினால் அதுவே மருந்தாகின்றது. சுவீடனில் உருவான இந்தக் கடெக்சோமர் அயடீன் 1980களிலிருந்து ஆறாப் புண்களுக்கு இடப்பட்டு வருகின்றது. மணிகள் புண்ணீரை உறிஞ்சிப் பருத்து, அயடீனைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன, கிருமிகள் மடிகின்றன. தைரொயிட் நோயுடையோர் வைத்தியரைக் கேளாது இதனைப் பாவித்தலாகாது.

நீரிழிவுப் புண்ணாற் காலிழந்த முதியோர் நம்மிடையே உளர். மருந்து இருந்தும் காலந் தாழ்த்தினாற் பயனென்ன? பெரியோரின் பாதம் பணியும் நாம், அப்பாதங்களை நாள்தோறும் உற்றுப் பார்த்து, புண் கண்ட அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக.