கடல் தந்த குடிநீர்



அரபிக் கடலில் கவரத்தி என்று ஒரு தீவு. லட்சத்தீவுகளில் ஒன்று. அங்கே ஆறு இல்லை. கிணற்று நீரிலும் உப்பு. 2005ஆம் ஆண்டு தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே ஓர் ஆலை கட்டியது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை அது.

அடுப்பு வேண்டாமா? வேண்டாம். மூடிய தொட்டியில் உள்ள காற்றை உறிஞ்சிவிடுகிறார்கள். அழுத்தம் குறைகிறது. வெதுவெதுப்பான கடல் நீரே ஆவியாகிறது. உப்பு தங்கிவிடுகிறது.

சோற்றுப் பானை மூடியில் நீர் முத்து முத்தாக நிற்குமே! அதுபோல ஆவியைக் குளிர வைத்தால் நல்ல நீர். குளிர்ச்சிக்கு எங்கே போவது? சுமார் 350 மீட்டர் ஆழத்தில் கடல் நீர் சில்லென்று இருக்கிறது. நீண்ட குழாய் போட்டு அதை இழுக்கிறார்கள். அலையில் அந்தக் குழாயை நிறுத்துவதுதான் பெரும்பாடு!

நாளுக்கு 1 லட்சம் லிட்டர் தரும்படி கட்டிய ஆலை இது. பம்புகள் ஓட மின்சாரச் செலவு உண்டு. 2011இல் மினிக்காய், அகத்தி தீவுகளுக்கும் இத்தகைய ஆலை வந்தது.