புதுப் பலகைக்கு முதுமை
(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இலக்கிய நிகழ்ச்சியில் மாதிரிப் புகையிரதத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், யதார்த்தம் என்ற சொல்லை நமது சிறுகதை விமர்சனங்களில் எத்தனையோ தடவை கையாண்டிருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு மரத்திலும் பசையிலும் பொருள் தேடிய சிலரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

அமெரிக்காவில் மாதிரிப் புகையிரதம் அமைப்பது பெரியவர்களின் பொழுதுபோக்கு. அதற்கென்றே 'மொடல் ரெயில்ரோடர்' என்னும் சஞ்சிகை 1934ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பரவலாக வழங்கும் 'எச்.ஓ.' அளவில், உண்மையான ஓர் அடி மூன்றரை மில்லிமீற்றராகக் குறுகிவிடும். ஆறடி மனிதன் 21 மில்லிமீற்றர் உயரந்தான் நிற்பான். இயந்திரத்தையும் பெட்டிகளையும் கடையில் வாங்கி ஓட்டலாம். பாதையோரத்து மரஆலையையும், நிலக்கரிக் கொட்டகையையும், தண்ணீர்த் தாங்கியையும் கையால் கட்ட விரும்புவோர் பலர். மசாசூசெட்ஸ் மாநிலத்து ஜோர்ஜ் செலியோஸ் 1967இல் ஆரம்பித்த 'பைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ்' நிறுவனம், அப்படிப்பட்ட கட்டடங்களுக்கான பாகங்களைப் பெட்டியில் இட்டு விற்றுப் புகழ்பெற்றது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே கட்டடம் இராது. ஈர்க்குப் போன்ற மெல்லிய மரக் கீற்றுகள், வரைபடம், உலோகத்தில் வார்த்த சிறு பீப்பாக்கள், கடதாசியில் கூரை ஓடுகள், செய்முறைக் கைந்நூல், இவ்வளவே. மரம் வெளிறிப் புதிதாக இருக்கும். கட்டடமோ ஐம்பது வருட மழையில் நனைந்ததாகத் தோன்ற வேண்டும். வேலையின் சிக்கலும் சுவையும் இங்கேதான்.

முதலில் கம்பித் தூரிகையால் கீற்றை நீளவாட்டில் உரசுவார்கள். மரத்தின் இழை எழும்பி வரும். பின்னர், மதுசாரத்தில் கறுப்பு மையைச் சில துளி கலந்து பூசுவார்கள். பலகை சாம்பல் நிறம் கொள்ளும். ஒட்டுவதற்கு முன்னரே இதைச் செய்துவிட வேண்டும். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிந்திப் பூசினால் வெள்ளைத் திட்டு காட்டிக்கொடுத்துவிடும். முதுமையைக் கடைசியில் மேலே தடவ முடியாது, அது ஆரம்பத்திலேயே பலகைக்குள் ஊறியிருக்க வேண்டும். ஒரு பாத்திரத்தின் கடந்த காலத்தைக் கதையின் இறுதிப் பந்தியில் அவசரமாகச் சொல்லும் எழுத்தாளர் இதைக் கவனிக்கலாம்.

அடுத்தது ஆணித் தடம். ஊசி முனையால் பலகையில் புள்ளி குத்துவார்கள். கண்ட இடத்தில் குத்தலாகாது. அமெரிக்க மரக் கட்டடங்களில் சுவருக்குள் மறைந்திருக்கும் தூண்கள் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். எச்.ஓ. அளவில் அது ஐந்து மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தூண் உள்ள இடத்தில்தானே தச்சன் ஆணி அடித்திருப்பான்? ஆகவே புள்ளிகள் அந்த இடைவெளியில் மேலிருந்து கீழாக வரிசையாக இறங்கும். மாதிரியில் தூணே இல்லாதிருக்கலாம். ஆனால் தூண் எங்கே நின்றிருக்கும் என்று அறிந்தவன் குத்திய புள்ளிகளைப் பார்ப்பவர், காரணம் தெரியாமலே நம்புகிறார்.

சிதைவுக்கும் இதே விதிதான். கூரை ஓட்டை இறவாணத்திலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாக ஒட்டுவார்கள். மழைநீர் வழிந்தோடும் முறை அது. மண்ணின் ஈரம் ஏறும் அடிப்பலகைதான் முதலில் உக்கும். துரு ஆணிக்குக் கீழேதான் கோடாக வடியும். புகைபோக்கியின் அருகே கரி படியும். எந்தக் கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணமற்ற அழுக்கு வெறும் அழுக்காகவே தெரியும். வறுமையைக் காட்ட ஓட்டைக் குடிசையையும் ஒழுகும் கண்ணையும் அடுக்கும் கதைகள் நம்மைத் தொடாமற் போவதும் இதனாலேயே.

இந்த அழகியலை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் மொன்டரேயில் வாழ்ந்த ஜோன் அலன். புகைப்படக் கலைஞரான அவர், பளபளப்பான பொம்மை உலகில் கரியையும் துருவையும் துணிந்து சேர்த்தார். 1973 ஜனவரியில் அவர் காலமானார். சில நாட்களுக்குள் அவர் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய புகையிரத உலகின் பெரும்பகுதி தீக்கிரையானது. அவர் எடுத்த படங்களும் எழுதிய கட்டுரைகளும் எஞ்சின. அவற்றைப் பார்த்தே பின்வந்தோர் கற்றனர்.

இத்தனை உழைப்பும் எதற்கு? அமெரிக்காவின் பெரும் புகையிரதப் பாதைகளில் 1960 அளவில் நீராவியின் காலம் முடிந்துவிட்டது. டீசல் இயந்திரத்துக்கு நிலக்கரிக் கொட்டகையோ தண்ணீர்த் தாங்கியோ தேவையில்லை. அவை இடிக்கப்பட்டன, அல்லது தாமாகவே சரிந்தன. பழைய கட்டடங்களை அளந்து வரைந்து காக்கும் அரச திட்டமொன்று அங்கு 1933இல் தொடங்கப்பட்டது. வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்கு அது பிழைப்பும் தந்தது. அந்த வரைபடங்கள் நீள அகலத்தைக் காத்தன. கட்டடம் எப்படி முதுமையடைந்தது என்பதைக் கையால் கட்டிப் பார்ப்பவனே மீட்டெடுக்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செலியோஸின் பெட்டிகள் குறைந்த எண்ணிக்கையிலேயே வெளியாகின. ஆதலால் பழைய பெட்டிகளைச் சேகரிப்போர் அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர். திறக்காத பெட்டிக்குத்தான் கூடிய மதிப்பு. திறந்து கட்டத் தொடங்கியதும் அந்த மதிப்பு இறங்கிவிடும். சந்தைக் கணக்கில் அது சரியாயிருக்கலாம். ஆனால் பெட்டிக்குள் உறங்கும் மரஆலையில் ஒரு பலகையும் அறுபடுவதில்லை. வாசிக்காமல் அலுமாரியில் பூட்டிய முதற்பதிப்பு நூலின் நிலையும் அதுவே. கைபட்டு, மை பட்டு, ஒரு மூலை சற்றுக் கோணியபடி மேசையில் நிற்கும் கொட்டகைக்கு விலை குறைவுதான். ஆனால் அதன் எதிரே நின்று ஒரு குழந்தை, "இது எங்கே இருந்தது?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே அது கட்டப்பட்டது.