எதிரியின் பலத்தை எடைபோடுவது யார்?



1955 ஜூலை மாதம். மாஸ்கோவை ஒட்டிய துஷினோ விமானத் திடல். சோவியத் விமானப்படை தன் புதிய குண்டுவீச்சு விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டியது. மேலை நாட்டார் 'பைசன்' என்று பெயர் வைத்த நான்கு எஞ்சின் ஜெட் விமானங்கள் அவை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரியும் இருந்தார். ஓர் அணி வந்து போனது. பின்னாலேயே இன்னோர் அணி. எண்ணிப் பார்த்தால் 28 விமானங்கள்! இப்போதே இத்தனை என்றால் 1960-ல் எத்தனை இருக்கும் என்று வாஷிங்டனில் கணக்குப் போட்டார்கள். 700, 800 என்று விடை வந்தது.

முதலில் பறந்த விமானங்களே கண்ணுக்கு மறைந்து, வட்டமடித்து, மறுபடியும் வந்திருந்தன என்று பிற்பாடு சொல்லப்பட்டது. ஆனால் அதற்குள் அமெரிக்கப் பத்திரிகைகளில் பீதி பரவிவிட்டது. நாம் பின்தங்கிவிட்டோம் என்று செனட் சபையில் விசாரணை நடந்தது. அதிபர் ஐசனோவர் கேட்டதற்கு மேல் சுமார் 90 கோடி டாலரை விமானப்படைக்கு நாடாளுமன்றம் அள்ளிக் கொடுத்தது. போயிங் நிறுவனத்தின் பி-52 விமானங்கள் மொத்தம் 744 கட்டப்பட்டன. சோவியத் ஒன்றியம் கடைசிவரை கட்டிய பைசன் விமானங்கள் 150-ஐக்கூட எட்டவில்லை.

நேயர்களே, இன்றைய உரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு நாட்டுக்கு எதிரி இருக்கலாம். அந்த எதிரி கொடியவராகவும் இருக்கலாம். 1956-ல் ஹங்கேரியின் தெருக்களில் சோவியத் டாங்கிகள் செய்தது கொடுமைதான். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த எதிரியின் பலம் எவ்வளவு என்று யார் நமக்குச் சொல்கிறார்கள்? சொல்பவருக்கு அதனால் என்ன ஆதாயம்? இந்தக் கேள்விகளைக் கேட்காத நாடு, தராசைப் பிடிக்கும் வேலையையும் சரக்கு விற்பவரிடமே விட்டுவிட்ட நாடு.

விமானக் கணக்கு பொய்த்தது. பாடம் கற்றார்களா என்றால், இல்லை. 1957 அக்டோபர் 4-ம் தேதி ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது. விண்கலத்தை ஏற்றிய அதே ராக்கெட் அணுகுண்டையும் சுமந்து வரும் அல்லவா? அந்த அச்சம் நியாயமானதே. அந்த நியாயமான அச்சத்தின் மேல்தான் 'ஏவுகணை இடைவெளி' என்ற கதை கட்டப்பட்டது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் ரஷ்யர்களிடம் நூற்றுக்கணக்கில் வரப்போகின்றன, நம்மிடம் சொற்பமே இருக்கும் என்றார்கள்.

இதை ஓங்கிச் சொன்னவர்களில் முக்கியமானவர் செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன். அமெரிக்க விமானப்படைத் துறையின் முதல் செயலராக இருந்தவர். 1958-ல் அவர் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.யின் தலைவர் ஆலன் டல்லஸைச் சந்தித்து, உங்கள் கணக்கு மிகக் குறைவு, ரஷ்யர்களின் பலம் அதைவிடப் பல மடங்கு என்று வாதிட்டார். அந்த வாதத்துக்குத் துணை நின்றவர் தாமஸ் லான்ஃபியர். இரண்டாம் உலகப் போரில் பேர் பெற்ற விமானி. சைமிங்டனிடம் முன்பு உதவியாளராக இருந்தவர். அப்போது அவர் வேலை பார்த்தது கான்வேர் நிறுவனத்தில். அமெரிக்காவின் முதல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையான அட்லஸைச் செய்துவந்தது அதே கான்வேர்தான்.

லான்ஃபியர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தான் சொன்னதை அவர் மனதார நம்பியிருக்கலாம். அவர் நம்பிய ஆபத்தும் அவருடைய நிறுவனம் விற்ற பொருளும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின என்பதை மட்டும் கவனியுங்கள். யாரும் கூடிச் சதி செய்ய வேண்டியதில்லை. ஆபத்தைப் பெரிதாகச் சொல்பவருக்குப் பதவியும் ஒப்பந்தமும் வரும். சிறிதாகச் சொல்பவருக்கு 'தேசப் பாதுகாப்பில் அக்கறை இல்லாதவர்' என்ற பழி வரும். இந்த ஏற்பாடு இருக்கும்வரை கணக்கு ஒரு பக்கமாகவே சாயும்.

இதற்கு அழுத்தமான சான்று ஒன்று உண்டு. 1961 ஜூன் மாதத்து உளவு மதிப்பீடு அது. சோவியத் ஒன்றியத்திடம் எத்தனை ஏவுதளங்கள் என்ற கேள்விக்கு ஒரே ஆவணத்தில் வெவ்வேறு பதில்கள். சி.ஐ.ஏ. சொன்னது 50 முதல் 100 வரை. விமானப்படை சொன்னது சுமார் 120. தரைப்படையும் கடற்படையும் சொன்னது ஏதோ சில என்று மட்டும். எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தகவல்தான். ஆனால் ஏவுகணைக்கான பணம் விமானப்படைக்குப் போகும். அந்தப் பணம் பெருகினால் தரைப்படைக்கும் கடற்படைக்கும் பங்கு குறையும். யார் எந்த எண்ணைச் சொன்னார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். எதிரி ஒருவர்தான், அவருடைய உயரம் மட்டும் துறைக்குத் துறை மாறியது.

உண்மை வானத்திலிருந்து வந்தது. 1960 ஆகஸ்டில் கரோனா என்ற உளவுத் துணைக்கோள் படமெடுத்த ஃபிலிம் சுருள், பாராசூட்டில் தொங்கியபடி பசிபிக் கடலுக்கு மேலே இறங்கியது. ஒரு சரக்கு விமானம் வாலில் கொக்கியோடு பறந்துபோய் நடுவானிலேயே அதைக் கவ்விப் பிடித்தது. அதைத் தொடர்ந்து வந்த படச் சுருள்களைப் பார்த்த பிறகு, 1961 செப்டம்பரில் மதிப்பீடு 10 முதல் 25 வரை என்று சரிந்தது. உண்மையில் போருக்குத் தயாராக இருந்த சோவியத் ஏவுகணைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இடைவெளி இருந்தது நிஜம். ஆனால் முன்னால் நின்றது அமெரிக்கா.

இதற்கிடையில் ஒரு தேர்தலே நடந்து முடிந்துவிட்டது. 1960 தேர்தலில் கென்னடி ஏவுகணை இடைவெளியை மேடைக்கு மேடை பேசினார். சுமார் ஒரு லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பதவியேற்று மூன்று வாரம் ஆவதற்குள் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, அப்படி ஓர் இடைவெளியே இல்லை என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். பெரும் சங்கடம். வெள்ளை மாளிகை அவசரமாக மழுப்பியது. அப்படியானால் திட்டங்கள் நின்றனவா? நிற்கவில்லை. மினிட்மேன் ஏவுகணைகள் 1,000 நிறுவப்பட்டன. இல்லாத இடைவெளியை அடைக்கச் செய்த ஏற்பாடு, இடைவெளி இல்லை என்று தெரிந்த பின்னும் வளர்ந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆலையில் ஏவுகணைகள் சாசேஜ் போல வரிசையாக வந்து விழுகின்றன என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் பெருமையடித்தார். கையில் இருந்ததோ சொற்பம். அமெரிக்கா நம்பினால் போதும் என்பது அவர் கணக்கு. அவருடைய வீறாப்புப் பேச்சு அமெரிக்க ஆயுத நிறுவனங்களுக்குக் காசில்லாத விளம்பரமானது. அமெரிக்காவின் குவிப்பைக் கண்டு மிரண்ட சோவியத் தளபதிகள், 1962-ல் கியூபாவில் வைத்த ஏவுகணைகளைத் திரும்பப் பெற நேர்ந்த அவமானத்துக்குப் பிறகு, நிஜமாகவே ஏவுகணைகளைக் குவிக்கத் தொடங்கினார்கள். 1970-களில் எண்ணிக்கையில் அமெரிக்காவைத் தாண்டியும் போனார்கள். எதிரியைப் பூதமாகக் காட்டினால் எதிரி பூதமாகவே வளர்கிறார். இதுதான் இந்த வியாபாரத்தின் மிகக் கொடிய விளைவு.

இதன் விலை என்ன என்பதை மிகத் தெளிவாகச் சொன்னவர், நாஜி ஜெர்மனியை வீழ்த்திய நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய அதே ஐசனோவர். 1953 ஏப்ரலில் அவர் ஆற்றிய உரையில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் விலையில் 30-க்கும் மேற்பட்ட ஊர்களில் ஊருக்கொரு செங்கல் பள்ளிக்கூடம் கட்டலாம். அல்லது எல்லா வசதியும் கொண்ட இரண்டு மருத்துவமனைகள் கட்டலாம். ஒரு நாசகாரிக் கப்பலின் விலையில் 8,000 பேருக்கும் மேல் குடியிருக்க வீடுகள் கட்டலாம். 1961 ஜனவரி 17 அன்று, பதவியை விட்டு இறங்கும் நேரத்தில், ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்துப் பெறும் அளவு மீறிய செல்வாக்கைப் பற்றி நாட்டு மக்களை எச்சரித்தார். ஆயுதமே வேண்டாம் என்றவர் அல்ல அவர். ஆகவேதான் அந்த எச்சரிக்கைக்கு அவ்வளவு கனம்.

ஐசனோவர் கேட்ட விழிப்பு வந்ததா? 1976-ல் சி.ஐ.ஏ.யின் கணக்கு ரஷ்யர்களிடம் மென்மையாக இருக்கிறது என்று கருதி, வெளியாட்களைக் கொண்டு 'பி அணி' என்ற மாற்றுக் குழு அமைத்தார்கள். ஒலியை நம்பாமல் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் கருவி ரஷ்யர்களிடம் இருப்பதற்கு அந்தக் குழுவுக்கு ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை. அதற்காக அச்சத்தைக் கைவிட்டார்களா? கண்ணில் படாமலே அது இயங்கிக்கொண்டிருக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். ஆதாரம் இருந்தாலும் ஆபத்து, இல்லாவிட்டாலும் ஆபத்து என்றால் அந்த வாதத்தை யாரால் தோற்கடிக்க முடியும்?

இன்னொரு முடிச்சும் உண்டு. பி-1 குண்டுவீச்சு விமானத்தை 1977-ல் அதிபர் கார்ட்டர் ரத்து செய்தார். 1981-ல் ரீகன் அதற்கு உயிர் கொடுத்தார். அதன் உதிரி பாகங்களுக்கான துணை ஒப்பந்தங்கள் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 48-ல் பரவியிருந்தன. தன் தொகுதியில் நூறு பேருக்கு வேலை போகும் என்றால் எந்த உறுப்பினர் எதிர்த்து வாக்களிப்பார்? அந்தத் தொழிலாளி யாரையும் வெறுப்பவர் அல்ல. அவர் வீட்டில் அடுப்பெரிய எங்கோ ஓர் எதிரி இருந்தாக வேண்டும் என்ற நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் கொடுமை.

1991-ல் சோவியத் ஒன்றியமே மறைந்தது. ஆயுத நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்து பிழைத்தன. 1995-ல் உருவான லாக்ஹீட் மார்ட்டின் அப்படிப் பிறந்ததே. நேட்டோ ராணுவக் கூட்டணியைக் கிழக்கே விரிவாக்க வேண்டும் என்று வாஷிங்டனில் பிரசாரம் செய்த குழுவின் தலைவர் புரூஸ் ஜாக்சன், அதே காலத்தில் லாக்ஹீட் மார்ட்டினின் துணைத் தலைவர். ரஷ்யப் பிடியில் நைந்த போலந்து மக்கள் நேட்டோவை நாடியதற்கு அவர்களுக்கே உரிய காரணங்கள் இருந்தன. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1999-ல் நேட்டோவில் சேர்ந்த போலந்து, 2003-ல் அந்த நிறுவனம் செய்யும் எஃப்-16 விமானங்கள் 48 வாங்க ஒப்பந்தம் போட்டது என்பதும் வரலாறு.

2024-ல் உலகம் ராணுவத்துக்குச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனம். இன்று உக்ரைனில் குண்டு விழுவது கற்பனை அல்ல. தற்காப்பு தேவைப்படும் நாடுகள் இருக்கத்தான் செய்கின்றன. மெய்யான ஆபத்து இருக்கும் இடத்தில்தான் கணக்கு சரியாக இருப்பது இன்னும் அவசியம். தவறான கணக்கில் வாங்கிய ஆயுதம் தேவையான இடத்தில் உதவாது; தேவையற்ற இடத்தில் போரை இழுத்துவரும்.

ஆகவே நேயர்களே, பகை நாட்டின் படை இத்தனை, ஆயுதம் இத்தனை என்று யார் சொன்னாலும், எந்த நாட்டில் சொன்னாலும், எண்ணியவர் யார் என்று கேட்போம். அந்த எண்ணால் யாருடைய கஜானா நிறைகிறது என்று கேட்போம். பத்தாண்டுகளுக்கு முன் இவர்களே சொன்ன கணக்கு பலித்ததா என்று கேட்போம். 1955-ல் இந்த மூன்றையும் கேட்டிருந்தால் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் எழுந்திருக்கும். கேட்பவரைத் தேசத் துரோகி என்பார்கள். வரி கட்டுவதும் நாம், போர் வந்தால் பிள்ளைகளை அனுப்புவதும் நாம். கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு இல்லாமல் வேறு யாருக்கு?