மான்யம் யார் வீட்டுப் பணம்?



கிராமங்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் மான்யத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தார் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். ரோட்டுக்கும், பாலத்துக்கும், ஏரிக்கும், கால்வாய்க்கும் மான்யம் வருகின்றது, அதனால் ஊராருக்குக் கொஞ்ச நாள் வேலையும் கிடைக்கின்றது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதியே. ஆனால் அந்த மான்யத்தை நம் மக்கள் என்னவென்று நினைத்துக் கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் நமக்குப் பெருங்கவலையாய் இருக்கின்றது.

கொஞ்ச நாளைக்கு முன் நாம் ஒரு கிராமத்திற்குப் போயிருந்தோம். ஊர் வாசலில் ஏரியின் வரத்துக் கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தைவிட அதன் தலைமாட்டில் நட்டிருந்த கருங்கல்தான் முதலில் நம் கண்ணில் பட்டது. திறந்து வைத்தவர் பெயர், தலைமை வகித்தவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர் எல்லாம் அதில் வெட்டப்பட்டிருந்தன. எத்தனை ரூபாய் செலவாயிற்று, அது யார் கொடுத்த பணம், யார் யார் மண் சுமந்தார்கள் என்பதற்கு மாத்திரம் அவ்வளவு பெரிய கல்லில் இடம் போதவில்லை போலும்! பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மாளை, “அம்மா, இந்தப் பாலமும் கால்வாயும் யார் செய்தது?” என்று கேட்டோம். “பெரிய மனுசங்க போட்ட பிச்சைங்க, ஐயா” என்றார். “நீங்கள் இந்தக் கால்வாயில் வேலை செய்தீர்களா?” என்றோம். “இருபது நாள் மண்ணு தூக்கினேனுங்களே!” என்றார்.

தோழர்களே! இருபது நாள் மண் சுமந்தவர் இந்த அம்மாள். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் விலையோடு விலையாக வரி கொடுத்தவரும் இந்த அம்மாளே. இப்படிப்பட்டவர் தாம் பெற்ற கூலியைப் பிச்சை என்றும், கல்லில் பெயர் வெட்டிக் கொண்டவரைத் தர்மப் பிரபு என்றும் எண்ணும்படி செய்து வைத்திருப்பதற்கு என்ன பெயர் சொல்லுவது? வருமான வரி கட்டுகிறவர் மாத்திரந்தான் வரி கட்டுகிறவர் என்று பட்டணத்தில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். கடைக்குப் போகிற ஒவ்வொருவரும் வரி கட்டுகிறார். அதற்கு ரசீது மாத்திரம் அவர் கைக்கு வருவதில்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பாகம் சுற்றிச் சுற்றி ஊருக்கு வரும்போது அதற்கு மான்யம் என்று பெயர் வந்துவிடுகின்றது.

பஞ்ச காலத்தில் வேலை கொடுத்துக் கூலி தருவது இன்று நேற்று ஏற்பட்டதல்ல. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டார்கள். அப்போதும் நிவாரண வேலை என்று நடந்தது. சென்னைப் பக்கத்துப் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியும் அந்தக் கூலிகளைக் கொண்டு வெட்டியதுதான். செலவைச் சுருக்குவதற்காக இந்திய சர்க்கார் 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை அனுப்பிற்று. அவர் ஒரு ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதுமென்று திட்டம் செய்தார். இவ்வளவில் மண் வெட்டுகிற மனிதன் உயிர் தரிக்க மாட்டான், ஒன்றரை ராத்தலாவது வேண்டுமென்று சென்னையின் சுகாதாரக் கமிஷனராய் இருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சர்க்காருக்கு மனமிருந்தால் முக்கால் வயிறு, இல்லாவிட்டால் அரை வயிறு! தர்மம் என்று வந்துவிட்டால் அளக்கிறவன் கையில்தான் படி இருக்கும். வாங்குகிறவன் வாய் திறக்க முடியாது.

இந்தப் படியை அளக்கிறவன் கையிலிருந்து பிடுங்குவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. 1972ஆம் வருஷத்துக் கொடிய வறட்சியின்போது மகாராஷ்டிரத்தில் வேலை உறுதித் திட்டம் என்று ஒன்று ஆரம்பமாயிற்று. 1977இல் அதற்குச் சட்டமே செய்தார்கள். அதன் செலவுக்காகச் சம்பளக்காரர்கள் மீதும் தொழில் செய்வோர் மீதும் 1975இலேயே தொழில் வரி போட்டார்கள். பம்பாயில் மாதச் சம்பளம் வாங்குகிறவன் கொடுத்ததைக் கொண்டு வறண்ட ஜில்லாவில் கல் உடைப்பவனுக்குக் கூலி! இதில் புண்ணியம் என்ற பேச்சுக்கு எங்கேயாவது இடமிருக்கின்றதா?

பிறகு 2005இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி முதல் 200 ஜில்லாக்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு ஜில்லாக்கள் முதலில் சேர்ந்தன. 2008 ஏப்ரலில் எல்லா ஜில்லாக்களுக்கும் வந்தது. இதைத்தான் நீங்கள் நூறு நாள் வேலை என்கிறீர்கள். அந்தச் சட்டம் சொன்னது என்ன? வேலை கேட்டு மனுச் செய்தால் 15 நாளுக்குள் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி கொடுக்க வேண்டும். காண்டிராக்டர் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வேலை நடக்குமிடத்தில் குடி தண்ணீரும் நிழலும் இருக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்துவிட்டால் அவர்களைப் பார்த்துக் கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும்.

சட்டம் இப்படியிருக்க, நடந்தது எப்படியென்றும் சொல்ல வேண்டுமல்லவா? ஒரு ஏரி வேலையில் இரண்டு தண்ணீர்க் குடங்கள் தள்ளித் தள்ளி வைத்திருந்ததை நாமே கண்ணால் பார்த்தோம். ஏன் இரண்டு என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை; சொல்லவும் வேண்டியதில்லை. எல்லோரும் தூக்குவது ஒரே ஏரி மண், வாங்குவது ஒரே கூலி, குடிக்கிற தண்ணீர் மாத்திரம் ஜாதிக்கொரு குடம்! அந்த ஊரிலேயே சிமெண்டு ரோடு ஊர்த் தெருவோடு நின்றுவிட்டது. சேரிக்குப் போகும் பாதையில் முழங்கால் சேறு. பணம் தீர்ந்துவிட்டது என்றார்கள். பணம் தீருகிற இடம் எப்போதும் சேரியின் எல்லையாகவே இருப்பது எப்படி என்றுதான் நமக்கு விளங்கவில்லை.

நிற்க, நூறு நாள் வேலையால் ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள், வயலுக்கு ஆள் வருவதில்லை என்று மிராசுதார்களும், அவர்களைப் பார்த்துப் பட்டணத்துப் படிப்பாளிகளும் ஒப்பாரி வைத்துக் கொண்டிருக்கிறார்கள். வேலை செய்தவர்கள் மேல் குற்றமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. தூர் வாரின குளத்தையே மறுபடியும் மறுபடியும் சுரண்டினதும், மர நிழலில் பொழுதைப் போக்கிவிட்டுக் கைநாட்டு வைத்ததும் சில ஊர்களில் உண்டு. அதற்கு வேலையை ஒழுங்காய் அளந்து கொடுக்க வேண்டுமே தவிர, வேலையையே ஒழிக்க வேண்டியதில்லை. மேலும் தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியுமுன் எழுந்து, சோறாக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கூடையுடன் போகிறவளைச் சோம்பேறி என்று சாய்வு நாற்காலியிலிருந்து ஒருவர் சொல்வதென்றால் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். உண்மை சங்கதி வேறு. ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கு அதில் பாதி என்று கொடுத்துப் பழகினவரிடம், “எனக்கு ஏரி வேலை இருக்கிறது, கட்டுப்படியாகாது” என்று ஒரு பெண்பிள்ளை முதல் தடவையாகச் சொல்லிவிட்டாள். அந்த வலிதான் ஒப்பாரியாய் வெளி வருகின்றது.

அந்த ஒப்பாரி டில்லி வரைக்கும் கேட்டுவிட்டது. 2025 டிசம்பரில் பார்லிமெண்டு பழைய சட்டத்திற்குப் பதிலாக வேறொரு சட்டம் செய்தது. நூறு நாள் 125 நாளாயிற்று என்று தம்பட்டம் அடித்தார்கள். ஆனால் விதைப்பும் அறுப்பும் மும்முரமாய் நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் இவ்வேலை நடக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. அதாவது கூலிக்காரனுக்குப் பேரம் பேசச் சக்தியுள்ள இரண்டு மாதம் பார்த்து அவன் கையிலுள்ள ஊன்றுகோலை எடுத்துவிடுவது. பழைய சட்டத்தில் கூலிப் பணம் முழுவதும் மத்திய சர்க்காருடையது. புதியதில் பெரும்பாலான ராஜ்யங்கள் நூற்றுக்கு நாற்பது போட வேண்டும். பழைய ஏற்பாட்டிலேயே 2025 மார்ச்சில் 4,034 கோடி ரூபாய் நிலுவை என்று தமிழ்நாடு சர்க்கார் டில்லியைக் கேட்க வேண்டியிருந்தது. அத்தனை நாளும் காத்திருந்தவர்கள் மண் சுமந்தவர்கள்தான்.

இனி ராஜஸ்தானத்து சங்கதி ஒன்று சொல்லுகிறோம். இதைத்தான் நீங்கள் கவனமாய்க் கேட்க வேண்டும். அங்கே மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்று கூலிக்காரர்களும் குடியானவர்களும் சேர்ந்து 1990இல் ஒரு சங்கம் வைத்தார்கள். வறட்சி நிவாரண வேலையில் சட்டப்படியான கூலி கொடுக்காமல், நீ செய்த வேலை அளவுக்குக் குறைவு என்று சொல்லி வந்தார்கள். கணக்கைக் காட்டு என்றார்கள் கூலிக்காரர்கள். கணக்கு ரகசியம் என்றது ஆபீசு. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில், எப்படியோ கிடைத்த கணக்குகளை ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் செய்தது, கல்லெறியவில்லை, கத்தி எடுக்கவில்லை. இப்படி ஊர் ஊராய்ப் படித்தபோது, வேலைக்கே போகாதவன் பெயரில் கூலி, செத்துப் போனவன் பெயரில் கூலி, கட்டாத கட்டிடத்திற்குச் செலவு என்று ஒவ்வொன்றாய் வெளி வந்தது. 1996இல் பியாவர் பட்டணத்தில் நாற்பது நாள் தெருவில் உட்கார்ந்து கணக்குக் கேட்டார்கள். 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்திற்கு அந்தத் தெருவும் ஒரு காரணம். எழுத்தறியாத பெண்கள் பலர் அந்தக் கூட்டங்களில் எழுந்து நின்று, “அது என் பெயர், நான் வாங்கவில்லை” என்று சொன்னார்கள்.

அந்தக் காரியத்தை நம் ஊரில் ஏன் செய்யக் கூடாது? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கிராம சபை கூடுகின்றது. நம்மவர்கள் போகிறார்களா? கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அடுத்த சபையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வேலைக்கு வந்தவர் பட்டியலை உரக்கப் படியுங்கள். படிக்க மறுத்தால், மறுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ரோடு எந்த வீட்டோடு நின்றது, ஏன் நின்றது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சேரித் தோழர்கள் பின்னால் நிற்காமல் முன் வரிசையில் வந்து உட்காருங்கள்.

நாம் சொன்ன அந்தப் பாட்டியம்மாளும் இன்று இந்தக் கூட்டத்திற்கு வந்திருக்கிறார். அவருக்குப் பதினாறு நாள் கூலி இன்னும் வரவில்லையாம். கூட்டம் முடிந்ததும் இந்த மேடையருகே விளக்கு வைத்துக் கொண்டு மனு எழுத இரண்டு வாலிபர்கள் உட்காருகிறார்கள். வேலை அட்டை வைத்திருப்பவர்கள் அட்டையுடன் அவரைப் போலவே வந்து வரிசையில் நில்லுங்கள். மனுவுக்குத் தேதி போட்ட ரசீது வாங்காமல் ஆபீசை விட்டு எழுந்து வராதீர்கள்.