தோரணம் கட்டிய வாசல்

 

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் ஆலங்குளத்தைக் கடந்தபின் வருவது பாவூர்சத்திரம். காய்கறிச் சந்தையால் பெயர்பெற்ற ஊர். குற்றாலத்துச் சாரலை நாடி விரைவோர் பேருந்தின் சாளரம் வழியே இவ்வூரைப் பார்த்தவாறே கடந்துவிடுவர். ஆயினும், ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் சொல் எண்ணிப் பார்த்தற்குரியது. சத்திரம் என்பது வழிப்போக்கர்க்கு உரிய இடம். இன்னார் இனியார் என்று வினவாது இடமளிப்பது அதன் அறம். தென்பாண்டிச் சிற்றூர்களில் விழா நாளன்று மேளவொலி கேட்டு நின்ற அயலாரையும், ‘உள்ளே வாருங்கள்’ என்று அழைப்பது இன்றும் உள்ள வழக்கம். அழைப்பிதழ் பெற்று வருபவர் உறவினர். எதிர்பாராது வந்து நிற்பவரோ விழாவின் உண்மைப் பொருளைக் கேட்பவர்.

அவ்வாறு எதிர்பாராது வந்து நின்ற ஒருவரால் தமிழுக்கு ஒரு காப்பியம் அச்சில் கிடைத்தது. அவ்வரலாறு தமிழ்ச் சமணர் ஒவ்வொருவரும் தம் மக்களுக்குச் சொல்லத்தக்கது.

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையருக்கு அப்போது அகவை இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனப் பலவற்றைக் கற்றுத் தேர்ந்தவர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை என்பதே விடை. முதலியாரே சுவடியொன்றைத் தேடித் தந்து பாடம் கேட்கத் தொடங்கினார்.

சுவடி கையில் இருந்தது. நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. எனினும் பொருள் முற்றும் விளங்கவில்லை. திருத்தக்கதேவர் பாடிய அந்நூலில் சமண சமயக் கோட்பாடுகளும், அச்சமயத்தார்க்கே உரிய சொல் வழக்குகளும் பலவாக வந்தன. சைவ மரபில் வளர்ந்த ஆசிரியருக்கு அவை புதியன. இலக்கணப் பயிற்சியால் மட்டும் அவ்வையங்கள் தீர்வனவாக இல்லை.

அந்நகரில் சமணக் குடும்பங்கள் வாழ்வதை அறிந்த ஐயர், ஐயம் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு அவர்களை நாடிச் சென்றார். சென்ற இல்லத்தின் வாசலில் மாக்கோலம் பொலிந்தது. மாவிலைத் தோரணம் அசைந்தது. இன்று என்ன விசேஷம் என்று அவர் கேட்டார். திருமணம் என்றோ, பிள்ளைப் பேறு என்றோ விடை வரவில்லை. அவ்வில்லத்தார் தொடர்ந்து படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியது. அதனையே அவர்கள் விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தனர்.

எந்நூலின் பொருள் தேடி அவர் அலைந்தாரோ, அந்நூலே அவ்வீட்டில் விழாவாக இருந்தது. ஏட்டில் மட்டுமே உறங்குகிறது என்று கருதத்தக்க காப்பியம், இல்லறத்தாரின் நாவிலும் செவியிலும் வாழ்ந்துகொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்கள் அவருடைய ஐயங்களைப் பொறுமையுடன் நீக்கினர். வேற்றுச் சமயத்தார் என்று அவர்கள் தயங்கவில்லை. தம் சமயத்தைச் சாராதவர் என்று அவரும் கூசவில்லை. ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887இல் சீவக சிந்தாமணி உரையுடன் அச்சேறியது. பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றிய பெருமகனாரின் பெரும்பணிக்கு அதுவே தொடக்கமாயிற்று.

அந்தக் கும்பகோணத்து இல்லத்தார் தமிழ்த்தொண்டு செய்கிறோம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். முன்னோர் படித்ததைத் தாமும் படித்தனர். முடித்த நாளில் வாசலில் தோரணம் கட்டினர். கல்லூரி ஆசிரியர் ஒருவர் தேடி வருவார் என்று அவர்கள் அறிந்திலர். வந்தபோது கொடுப்பதற்கு அவர்களிடம் பொருள் இருந்தது.

நூலை நிறைவு செய்தலை விழாவாகக் கொள்வது சமணத்திற்குப் புதிதன்று. தரசேனரிடம் பாடம் கேட்ட புட்பதந்தரும் பூதபலியும் ஆகம அறிவை ஏட்டில் எழுதி நிறைவேற்றியதைச் சுருத பஞ்சமி என்னும் நாள் நினைவூட்டுகிறது. அன்று வழிபடப் பெறுவது நூல். செவிவழியாக வந்த கல்வி மறைந்துவிடுமோ என்ற அச்சமே அவ்வேட்டைப் பிறப்பித்தது.

இன்றைய அச்சமோ வேறு. நூல் அச்சில் உள்ளது, கைப்பேசியிலும் உள்ளது, இல்லத்தில் படிக்கும் குரல்தான் அருகிவருகிறது. அக்குரல் முற்றும் அடங்கினால் என்னவாகும் என்பதைப் பாவூர்சத்திரத்திற்கு வடகிழக்கே உள்ள கழுகுமலை காட்டும். அங்கே பாறை முழுதும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள். கீழே அவற்றைச் செய்வித்தோர் பெயரைத் தாங்கிய வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஆசிரியர்களும் மாணாக்கர்களும் குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் அவற்றில் இடம்பெற்றுள்ளனர். ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் கல் அழியவில்லை. ஆனால், அவற்றின் பொருளைக் கேட்டு வரும் அயலாருக்குத் தொல்லியல் துறையின் பலகையே விடை சொல்கிறது. தோரணம் கட்டிய வாசல் எதுவும் அருகில் இல்லை.

வடபுலத்து ஊர்களை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாட்டுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சிந்தாமணி, தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்குரிய விடையாகச் சுருங்கிவிடலாகாது. மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளில் இனிப்பும் புத்தாடையும் எல்லா இல்லங்களிலும் உண்டு. அன்று அண்டை வீட்டார் ஒருவர், ‘உங்கள் தீபாவளிக்குப் பொருள் என்ன?’ என்று கேட்டால் விடை சொல்லும் பிள்ளை இருத்தல் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. சிந்தாமணியின் பாடல்கள் 3145. நாளொன்றுக்குப் பத்துப் பாடல் வீதம் படித்தால், 315 நாளில் நூல் நிறைவெய்தும். ஒரு தீபாவளியன்று தொடங்கும் குடும்பம், அடுத்த தீபாவளிக்கு முன்னரே முடித்துவிடலாம். பாட்டி படிக்கப் பேரன் பொருள் கேட்கலாம். பேத்தி படிக்கத் தாத்தா திருத்தலாம். அயல்நாட்டில் வாழும் மகனும் மகளும் கைப்பேசி வழியே அதில் கலந்துகொள்ளலாம். முடிக்கும் நாளில் வாசலில் மாக்கோலம் இட்டு, மாவிலைத் தோரணம் கட்டுக.

வழியே செல்பவர் எவரேனும் நின்று, ‘இன்று இவ்வீட்டில் என்ன விசேஷம்?’ என்று கேட்கக்கூடும். அவரை உள்ளே அழைத்து அமரச் செய்து, ‘சிந்தாமணி படித்து முடித்தோம்’ என்று சொல்லும் பேறு ஒவ்வோர் இல்லத்திற்கும் வாய்க்கட்டும்.

அருகன் அறம் ஓங்குக!