வழக்கறிஞரிடம் சொன்ன சொல்



சட்டம் குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். அது பெருங்கடல். நம் மக்கள் நாள்தோறும் கால் நனைக்கும் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: யாரிடம் எதைச் சொல்லலாம், சொன்னது யாரோடு நிற்கும் என்பது.

விடியுமுன் போடியிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறுவதைத் தாங்கள் அறிவீர்கள். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு நம் பெண்கள் அவற்றில்தான் செல்கிறார்கள். கூலி பாக்கியோ, வேலையில் பட்ட காயமோ, மேற்பார்வையாளரின் தகாத நடத்தையோ, எதுவாயினும் முதற்பேச்சு அந்த ஜீப்பிலேயே நடக்கிறது. கேட்போரில் கங்காணியும் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர், தம் கூலி குறைத்து எழுதப்பட்டதை மனுவாகக் கொடுக்க எண்ணி, அதை வழியில் பேசினார். மனு எழுதி முடியுமுன்னரே வேலைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தோட்டத்தையோ அவர் ஊரையோ குறிப்பிட மாட்டோம். அது அவர் வேண்டுகோள்.

ஜீப்பில் சொன்னதற்குக் காவல் கிடையாது. வழக்கறிஞரிடம் சொன்னதற்கு உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவாக இருந்த இக்காப்பு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 132ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கட்சிக்காரர் சொன்னதை அவர் இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது. வழக்கு முடிந்த பின்னும் இக்கடமை நீங்காது. இனிச் செய்யப்போகும் குற்றத்திற்குத் துணை கேட்டால் அக்காப்பு இல்லை. ஆகவே நடந்ததை, நமக்கு எதிரான செய்தியையும் சேர்த்து, ஒளிக்காமல் சொல்லலாம்.

வழக்கறிஞரின் குமாஸ்தாவும் மொழிபெயர்ப்பாளரும் இதே கட்டுக்கு உட்பட்டவர்களே. நமக்கு இது சிறு செய்தியன்று. தோட்டம் இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், காகிதங்கள் மலையாளத்தில். மொழி சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குத் தோட்டத்து ஆளையே அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு! வழக்கறிஞர் அமர்த்தும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள்.

2025 ஜூன் மாதத்தில், தாம் அளித்த சட்டக் கருத்துரைக்காகச் சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு அமலாக்கத் துறை அழைப்பாணை விடுத்துப் பின்னர் திரும்பப் பெற்றது. வழக்கறிஞர்களிடையே பெருங்கொதிப்பு எழுந்தது. உச்ச நீதிமன்றம் இப்பொருளைத் தானாகவே விசாரணைக்கு எடுத்து, அக்டோபர் 31 அன்று, சட்டம் சொல்லும் விலக்குகளுக்குள் வந்தாலன்றிக் கட்சிக்காரரின் செய்திகளுக்காக வழக்கறிஞரை விசாரணை அதிகாரிகள் அழைக்கலாகாது எனத் தீர்ப்பளித்தது. பெரிய மனிதர் விவகாரம் என்று நாம் ஒதுங்க வேண்டாம். நிறுவனத்தில் சம்பளம் பெறும் சட்ட அலுவலருக்கு 132ஆம் பிரிவின் காப்பு இல்லை என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. தோட்ட அலுவலகத்தில் நாற்காலி போட்டு, "மனம்விட்டுச் சொல்லம்மா" என்பவர் நம் வழக்கறிஞர் அல்லர்.

தொழிலாளர் ஆய்வாளருக்கும் வாய்க்கட்டு உண்டு. இந்தியா 1949இல் ஏற்ற, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கையின்படி, புகார் கொடுத்தவர் யாரென்பதை அவர் முதலாளிக்குச் சொல்லலாகாது. புகாரின்பேரில் வந்தோம் என்றுகூடக் காட்டலாகாது. பாலியல் தொல்லைப் புகாரானால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு பெயரையும் புகாரின் உள்ளடக்கத்தையும் வெளியிடத் தடை செய்கிறது. பத்துப் பேருக்கும் குறைவான சிறு தோட்டமானால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் செல்லலாம். வன்கொடுமை வழக்கில் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்குமாறு சிறப்பு நீதிமன்றத்தை வேண்டும் உரிமையை, 2016 முதல் 15அ பிரிவு தந்திருக்கிறது.

இரகசியம் என்ற சொல்லை முதலாளியும் அறிவார். "வெளியே தெரிய வேண்டாம், உள்ளேயே முடிப்போம்" என்று எழுதாத தாளில் கைநாட்டுக் கேட்பார்கள். அது அவர்களுடைய இரகசியம். அதைக் காக்கும் பொறுப்பு நமக்கில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் எங்கே என்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. கட்டணம் வாங்காததால் அவருடைய வாய்க்கட்டு தளர்வதில்லை.

முன்னே சொன்ன பெண்மணி அவ்வாறே ஒரு வழக்கறிஞரைப் பெற்றுப் புதிதாக மனுக் கொடுத்தார். அன்று அவர் ஜீப்பில் செல்லவில்லை, பேருந்தில் சென்றார்.